மூன்றாவது ஃபேடர்

சாய்ந்தமருதில், டயர்க் கடைக்கு மேலே
மருதமுனைக் கைத்தறியை மூன்று மடிப்பாய் ஆணியடித்த அறை.
அப்படியும் அக்கரைப்பற்று பஸ்ஸின் ஹோன்
எல்லாப் பாட்டுக்குள்ளும் ஏறிக்கொள்ளும்.
திரை அணைந்தே கிடக்கும்.
இஃதிஸாமுக்கு அது ஒரு கறுப்புப் பலகை,
நான் வரும் நாளில் மட்டும் தூசி தட்டப்படும்.

அவருக்கு இருப்பது எட்டு ஃபேடர்கள்,
கொழும்பில் யாரோ கழித்துவிட்ட பெட்டி.
உள்ளே சின்ன மோட்டார்கள்.
பாட்டு ஓட, அவை தாமாக ஏறி இறங்கும்.
ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பவர் போல
எட்டிலும் விரல் வைத்திருப்பார்.

"புதுசாக்கித் தந்தீங்க.
மறுகா இது பொய் சொல்லுது, தவனீதா."

பொய் என்ற சொல்லுக்கு
என் பிழைப் பட்டியலில் கட்டமில்லை.
'அடுத்த எட்டுத் தடங்களுக்கு மாறும்போது
நிலை திருப்பி அனுப்பப்படுவதில்லை' என்று எழுதினேன்.

நடந்தது இது:
அவர் அடுத்த எட்டுக்குத் தாவினார்.
பெட்டி பழைய இடத்திலேயே நின்றது.
மூன்றாவதில் றபான் என்று நினைத்து லேசாகத் தள்ள,
அங்கே இருந்தது சுலக்ஷியின் குரல்.
ஒரே துள்ளல். உச்சி.
கீழே பொடியன் ஜக்கைக் கைவிட்டான்.
அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்து
பாண்டிருப்புக்கு ஓட்டோ பிடித்தாள்.
இரண்டு நாள் காது இரைந்ததாம்.

"பெட்டியை ஒரு கிழமை தாங்க."
"கண்ணைக் கடன் கேக்கிறீங்க," சிரிக்காமல் சொன்னார்.
ஆகவே நான்தான் போனேன்,
களுவாஞ்சிக்குடியில் இருந்து, மடிக்கணினியோடு.

முதல் திருத்தம்: பழைய இடத்தைக் கை கடக்கும்வரை
ஃபேடர் எதையும் பிடிக்காது.
"அந்தப் பழைய இடம் எங்க எண்டு
எனக்கு ஆர் சொல்ற?"

இரண்டாவது: மோட்டார் உடனே ஓடட்டும்.
ஓடியது. அவர் விரலோடு மல்லுக்கட்டியது.

மூன்றாவது: விரல் பட்டால் மோட்டார் நிற்கட்டும்.
நின்றது.
எட்டு விரலும் வைத்தபடி அவர் இருந்தார்.
பாட்டு ஓடியது. பெட்டி செத்துக் கிடந்தது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தேத்தண்ணி ஆறிப்போனது.

தொடுகை என்றால் கட்டளை என்று எழுதியிருந்தேன்.
எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.
அவர் தொடுவது கேட்பதற்கு.

ஆயிரத்து இருபத்து நான்கு படிகளில்
பதினொன்றுக்கு மேல் கை எதிர்த்தால் கட்டளை.
அதற்குள் என்றால் காது; மோட்டார் போகட்டும்.
பதினொன்று எந்தக் கணக்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
ஒன்பதில் நடுங்கியது,
பதினான்கில் அவர் முகம் சுளித்தது.

மூன்றாம் நாள் சுலக்ஷி வந்தாள்,
சொந்த ஹெட்போன், கதவுக்குப் பக்கத்துக் கதிரை.
நான் திரையை அணைத்தேன்.
அவர் நகர்ந்து இடம் தந்தார்.
மூன்றாவதில் என் விரலை வைத்தேன்:
மூச்செடுக்கும் இடத்தில் அது மெல்லத் தணிந்து,
மறுகா ஏறியது.
நடுவில் பஸ்.
அதை அவர் இறக்கவில்லை.

இன்னும் ஒரு பிழை பாக்கி.
ஊமைப் பொத்தானின் சிவப்பு விளக்கு
பிந்தி எரிகிறது.
பட்டியலில் முதலாவதாக இருந்தது அதுதான்.
எழுதியது நான்.
அவர் அதை ஒருநாளும் கேட்கவில்லை.