நேர்காணல் 23

சரவணம்பட்டி பேக்கரியில் பதிவானது.
ஐம்பத்திரண்டு நிமிடம்.
அதில் ஆறு, காந்திபுரம் பஸ்களின் ஹாரனுக்குப் போயிற்று.

தொகோசானி. மலாவி. பொறியியல், மூன்றாம் ஆண்டு.
ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு
என் பேனாவைத் தன் பையில் செருகிக்கொண்டான்;
பிறகு சிரித்துக்கொண்டே தந்தான்.

இந்த ஊர் உங்களை ஏற்றுக்கொண்டதாக உணர்கிறீர்களா?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள்.
"நாலுங்க."

மூன்று வீடு மாறியதை
சற்று முன்புதான் சொல்லியிருந்தான்.
கடைசியாக, கணபதியில்,
அட்வான்ஸில் பெயின்ட் செலவைக் கழித்துவிட்டார்கள்.
அவன் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

அப்புறம் எப்படி நாலு?

பதினோரு நொடி.
எழுத்தாக்கத்தில் இதை மௌனம் என்று குறிக்க வேண்டும்.
மௌனத்துக்குள் மாஸ்டர் டீ ஆற்றுகிறார்,
அதற்கு விதிமுறை இல்லை.

"ரெண்டு போட்டா, அடுத்த வருசம் வர்ற
எங்க ஊர்ப் பசங்களுக்கு
யாருங்க வீடு குடுப்பாங்க?"

லீட்ஸில் ஒரு பிப்ரவரி
என் முன்னாலும் இதே அளவுகோலை நீட்டினார்கள்.
கையுறையைக்கூடக் கழற்றாமல்
நாலைச் சுற்றி வட்டம் போட்டேன்.
அந்த அறிக்கையைத்தான் இப்போது
மேற்கோள் காட்டியிருக்கிறேன், என் ஆய்வின் ஒன்பதாம் பக்கத்தில்:
மாணவர்கள் பெரும்பாலும் திருப்தியாக உள்ளனர்.

நாலு என்றே ஏற்றினேன்.
அந்த 'ங்க'வுக்குக் கட்டம் இல்லை.
சூலூரில் பிறந்த என் பேச்சில்
அது எப்போது உதிர்ந்தது என்றும் தெரியவில்லை.

பதிவை நிறுத்திய பிறகு நடந்தது தரவில் சேராது.
டீக்கும் ரெண்டு பப்ஸுக்கும்
என்னைத் தடுத்து, அவன்தான் நூறு ரூபாயை நீட்டினான்.
கல்லாக்காரர் வாங்கி, எண்ணி,
மீதியை
என் கையில் வைத்தார்.