ஒரு ரூபாய்க் காசு

சேதராப்பட்டில் மழை. மின்சாரம் போய்விட்டது.
எண்ணும் டப்பா மட்டும் பேட்டரியில் விழித்திருக்கிறது:
4,12,306.
செவ்வாயிலிருந்து நொடிக்கு மூன்று தரம்
இழுத்து விட்டுக்கொண்டிருந்த பிடி
பாதி இழுப்பில் நிற்கிறது.

இந்த அமைதி எங்களுக்கு வேண்டியிருந்தது.
மேசைமேல் செலஸ்தீனாவின் இடது கால்,
கொக்கிபோல் வளைந்த கறுப்புக் கார்பன் தகடு.
பாவாடை நுனியிலிருந்து காசால் தட்டிக்கொண்டே வருகிறான்.
டிங். டிங். டிங்.
வளைவில் டொப்.
"இங்க பொக்கா இருக்கு மேடம்."
மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டான்.
போன தீபாவளிக்குப் புளியங்கொட்டை அளவு,
இன்று எட்டணா.

இரும்பென்றால் ஒரே விரிசல்.
சாயம் பூசினால்
இவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று
சிவப்பாய்ச் சொல்லிவிடும்.
இது வேறு சாதி.
முதலில் பிசினெங்கும் மயிரிழைக் கீறல்,
விறைப்பு கொஞ்சம் விழும்.
பிறகு வெகுகாலம் ஒன்றுமே நடக்காததுபோல்
வரைபடம் படுத்துக்கிடக்கும்.
உள்ளே ஓர் இழை அறும்,
பக்கத்து இழை அதன் பங்கையும் சேர்த்துத் தூக்கும்.
அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே
ஒரு தாள் நுழைய இடமுண்டாகும்.
மேலே பளபளப்பு அப்படியே.

போனில் சொன்னேன்.
"வளைவுதானே?" என்றாள்.
மின்துறையில் பில் போடுகிறவள்,
விடியுமுன் கடற்கரைச் சாலையில் ஓடுகிறவள்.
"பிப்ரவரியிலேர்ந்து இடுப்புல தெரியுது.
பழைய கலங்கரை விளக்கம் தாண்டினதும்
ஓரடி மட்டும் தாமதமா திரும்பி வருது."
"ஏன் சொல்லவில்லை?"
"சொன்னா வாங்கி வச்சுப்பீங்க.
புதுசு வர எட்டு மாசம். பந்தயம் ஜூன்ல."

ஜூன்வரை தாங்குமா என்று கேட்டாள்.
ஒரே தகட்டில் அறுத்த இரு துண்டுகளில்
ஒன்று ஒன்பது லட்சம் ஓடியது,
மற்றது ஒன்றரை லட்சத்தில்
நள்ளிரவில், யாரும் பார்க்காதபோது,
துடைப்பம்போல் விரிந்து கிடந்தது.
பெருக்கியது நான்.
அதைச் சொல்லாமல்,
"தர மாட்டேன்" என்றேன்.
அவள் பிரெஞ்சில் ஏதோ திட்டினாள்,
கெட்ட வார்த்தையாகத்தான் இருக்க வேண்டும்.

நிராகரிப்பு. காரணம்: விறைப்புக் குறைவு, பதினொரு சதவீதம்.
கண்டறிந்தவர் என்ற கட்டத்தில்
பாவாடையின் பெயரை எழுதி, அடித்து,
அவள் பெயரை எழுதினேன்.
அலுவலகம் ஏற்காது.

காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
டீ வாங்கப் போனான் பாவாடை.
விளக்கு வந்தது.
4,12,307.