திட்டக் காலம்

நாளை மாலை ஐந்து மணிக்கு
விண்ணப்பம் வாங்கும் வாசலை அடைத்துவிடுவார்கள்.
இப்போது இரவு பதினொன்று.
அலாஸ்காவில் ஜூன் மாதம் என்பதால்
கோப்பு அலமாரி மேல் இன்னும் வெயில் படுத்திருக்கிறது.

எங்கள் ஊர் மீன்வள அலுவலகம் என்றால்
நான், இரண்டு மேசை, ஒரு கெட்டில்,
மேகம் வந்தால் போய்விடும் இணையம்.

தேவையை நியாயப்படுத்துக,
இருநூற்றைம்பது சொற்களுக்குள்.

முதலில் எழுதியது:
இந்தக் கோடையில் எங்கள் புகைக்குடில்களில் புகை இல்லை.
அழித்தேன்.
சான்று கேட்பார்கள், இல்லாத புகைக்கு.
அப்புறம் எழுதினேன்:
அரச சால்மன் வரத்து பத்தாண்டுச் சராசரியைவிட
எழுபத்தொரு விழுக்காடு குறைவு.
அது நின்றது.
அதே சங்கதிதான்,
சட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

ஆற்றின் மேல்கையில், படகில் ஆறு மணி நேரம்,
மோக்ஸி உட்கார்ந்திருக்கிறான்
குறுக்கே நட்ட குழாய்வேலியின் ஒற்றை வாயிலில்.
தண்ணீருக்கடியில் ஒரு வெள்ளைப் பலகை.
அதன்மேல் கடக்கும் முதுகு ஒவ்வொன்றுக்கும்
கட்டைவிரலால் ஒரு அழுத்து.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்;
இங்கே போடுவது கடல், ஏந்துவது ஆறு,
அளப்பது மோக்ஸி,
மணிக்கு இருபத்திரண்டு டாலர்.
கொசுவுக்குத் தனிப்படி கிடையாது.

எட்டு மணிக்கு சாட்டிலைட் போனில் கூப்பிட்டான்.
"நாலு. ஆனா ஒண்ணு திரும்பிப் போயிடுச்சு.
கழிக்கவா?"
கையேட்டில் விடை இருக்கிறது.
"கழி" என்றேன்.
இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை,
நிமிடத்துக்கு ஒன்றரை டாலர்.

வரவுசெலவுத் தாளில் பெட்ரோல் போட்டேன்,
கரடி உடைத்த குழாய்களைப் போட்டேன்,
காதுக்கல் வைக்கும் குட்டி உறைகள் இருநூறு.
முட்டையிட்டு ஓய்ந்து செத்த மீனின்
தலைக்குள்ளிருந்து
அரிசி நொய் அளவில் ஒரு கல் எடுப்போம்.
அறுத்துப் பார்த்தால் வளையம் வளையமாக
ஆற்றில் எத்தனை குளிர்காலம், கடலில் எத்தனை.
யாரிடமும் கைநீட்டாமல்
தன் அறிக்கையைத் தானே எழுதி வைத்திருக்கும்.

மறைமுகச் செலவுகள் என்று ஒரு கட்டம்,
பதினைந்து விழுக்காட்டுக்கு மிகாமல்.
போன வாரம் விமானத்தில் இனாம் மீன் வந்தது,
வேறொரு கடற்கரையின் மீன், விறைத்துப்போய்.
என் அண்ணி ஒலிங்கா பிறைக்கத்தியை எடுத்து
தலையைத் தேடினாள்.
தலையை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள்.
சூப்புக்குத் தலைதான் வேண்டும் அவளுக்கு.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பதினான்காம் கேள்வி: திட்டக் காலம்.
ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு.
அதற்குமேல் பட்டியல் கீழே இறங்கவில்லை.

இன்று மேலே போன மூன்றில்
ஒன்றாவது பெண்ணாக இருக்கட்டும்.
வாலால் சரளையைத் தோண்டி
அது இடும் முட்டை
பனிக்கடியில் பொரிந்து, ஒரு வருஷம் ஆற்றில் கிடந்து,
கடலில் நாலு குளிர்காலம் மேய்ந்து
இந்த வாயிலுக்கு வந்து சேரும்போது
ஆறாவது கோடை.
அதற்குள்
இறுதி அறிக்கை கொடுத்து, கணக்கு முடித்து,
வேலியைக் கழற்றிக் கொட்டகையில் அடுக்கி
மூன்று வருஷம் ஆகியிருக்கும்.
எண்ண ஆளில்லாத ஆற்றில்
அது வரும், அல்லது வராது.

மூன்றாண்டு என்று அழுத்தினேன்.
வேறென்ன செய்ய.

எதிர்பார்க்கும் விளைவுகள் என்ற இடத்தில்
ஒன்பது சொற்களுக்கு இடம் மிச்சம் இருந்தது.
வந்தால் எண்ணுவோம். வராவிட்டாலும்
வேலியருகே ஒருவர் விழித்திருந்தார் என்று எழுதி வைப்போம்.
படித்துப் பார்த்தேன்.
மதிப்பெண் போடுகிறவர் சிரிப்பார்.
இருக்கட்டும் என்று விட்டேன்.

அனுப்பப் போனபோது மேகம் வந்துவிட்டது.
திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

நேரம் தவறி போன் அடித்தது.
"அது திரும்ப ஏறிடுச்சு."
"அதேதானா?"
"யாருக்குத் தெரியும்? ஒரு மீன்."

மூன்றை அடித்து நான்கு என்று எழுதினேன்,
பென்சிலால்.