செவ்வாய்க்கிழமைச் சாவி

ஓல்ட்டன் ரயில் நிலையத்திலிருந்து
நடந்தால் ஏழு நிமிடம்.
பால் கூட்டுறவுச் சங்கத்தின் அடியில்
அணுகுண்டுக்குப் பயந்து கட்டிய அறை.
குண்டு வரவில்லை,
சர்வர்கள் வந்தன.
ஒரு சாண் தடித்த கான்கிரீட் கதவைத்
தோள்கொடுத்துத்தான் இன்னமும் திறக்கிறேன்.

எனக்கு முன்பு இங்கே இருந்தவன்
இரண்டுக்கும் ஆற்றின் பெயர் வைத்திருந்தான்:
ஆரே, டுன்னர்ன்.
வெளியே பாலத்தை ஒட்டி
சின்னது பெரியதில் போய்க் கலக்கிறது,
யாரையும் கேட்காமல்.
இங்கே அது நடக்காது.
நடுவில் ஒரு வட்டுப் பெட்டி,
இருபத்து நான்கு தட்டு, ஒரே வயிறு.
இரண்டு வாயும் அதற்குத்தான் ஊட்ட வேண்டும்.

முதல் இரவு
கண்ணாடி இழைகளைச் செருகிவிட்டுப் பார்த்தேன்.
ஒரே வட்டு நான்காகத் தெரிந்தது,
நாலு கிணற்றில் ஒரு நிலா.
நீண்ட எண்ணின் கடைசி இலக்கங்களை
வாய்விட்டுப் படித்து, விரலால் தொட்டு,
எல்லாம் ஒன்றே என்று நம்பிக்கை வந்தபின்
நாலு பாதைக்கும் ஒரு பெயர் இட்டேன்.

இரண்டாம் இரவு செய்தது மடத்தனம்.
சாதாரணக் கோப்பு முறையையே
இரண்டிலும் ஏற்றிவிட்டேன்.
ஆரே எழுதியது டுன்னர்னுக்குத் தெரியவில்லை.
டுன்னர்ன் தன் நினைவில் இருந்ததையே
உலகம் என்று எண்ணி
அதன்மேலேயே எழுதியது.
பிழைச் செய்தி இல்லை. அலறல் இல்லை.
விடிந்து பார்த்தால்
நீடர்கோஸ்கன் மாடுகள் கறந்த பால் அத்தனையும்
ஹேகன்டோர்ஃப் கணக்கில்.
நல்லவேளை, சோதனைத் தரவு.

பேயாட் காப்பியை ஊதிக்கொண்டே சொன்னான்:
"பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரு சலவை அறை.
சாவி யாரிடமோ அவர் துவைக்கலாம்.
இது உனக்குத் தெரியாதா?"
தெரியும். ஒன்பது வருடமாகத் தெரியும்.

மூன்றாம் இரவு பூட்டுக்கு ஒரு காவல் வைத்தேன்.
நொடிக்கொரு முறை "இருக்கிறேன்" என்று
ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளத் தனியாய் ஒரு கம்பி.
சொல்லாதது செத்தது.
செத்தது பாதியில் விழித்து எழுதிவிடக் கூடாது,
ஆகவே இருப்பது அதன் மின்சாரத்தை அறுக்கும்.
கையேடு இதை வேலி என்கிறது.
வேலியாம்.

கம்பியைப் பிடுங்கிச் சோதித்தேன்.
இரண்டும் நலம்.
இரண்டுக்கும் மற்றது பிணம்.
ஒரே கணத்தில் இரண்டும் சுட்டன.
விசிறிகள் ஓய்ந்தன.
அந்த அறைக்கு அப்படி ஒரு மௌனம் உண்டென்று
அதுவரை எனக்குத் தெரியாது.
கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மருந்து ஒரே ஒரு வரி.
இரண்டில் ஒன்று ஐந்து நொடி தயங்க வேண்டும்.
தயங்குவது சாகும், வட்டு பிழைக்கும்.
எது என்று நான் சொல்ல வேண்டும்.
சின்ன ஆற்றைச் சொன்னேன்.
காரணம் எழுதும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

செவ்வாய். என் துவைக்கும் நாள்.
கூடையோடு இறங்கினால்
ஆணியில் சாவி இல்லை.
உள்ளே கீழ்வீட்டு எஷ்பாகர் அம்மாள்,
என் முறையில் அவர் போர்வைகள் சுழல.
"மூன்று இரவாய் மேலே காலடி கேட்கவில்லை.
ஊருக்குப் போய்விட்டீர்கள் என்று நினைத்தேன்."

நாக்கு நுனியில் ஒரு சொல் வந்து நின்றது,
நல்ல ஜெர்மன் சொல், இலக்கணச் சுத்தமானது.
எண்ணத் தொடங்கினேன்.
மூன்றிலேயே,
"பரவாயில்லை, முடியட்டும்" என்றுவிட்டேன்.
அவரும் அதே நேரத்தில்
"இதோ எடுத்துவிடுகிறேன்" என்றார்.
பிறகு இருவருமே கொஞ்ச நேரம்
எதுவும் செய்யாமல்
கண்ணாடி வட்டத்துக்குள் நுரையைப் பார்த்தோம்.

அன்றிரவு, பத்து மணி தாண்டி,
வேண்டுமென்றே கட்டைச் செருப்போடு
அடுப்படிக்கும் ஜன்னலுக்குமாய் நடந்தேன்.
கீழிருந்து துடைப்பக் கம்பு
இரண்டு முறை இடித்தது.