பொட்டு

இரவு பதினொன்று நாற்பது.
கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகளின் இரும்புக் கதவுகள்
இறங்கி இரண்டு மணித்தியாலம்.
மூன்றாம் மாடியில் என்னிடம்
பதினேழு வெப்சைற்றுகள்
ஒரு சேர்வரில் திறந்து கிடக்கின்றன.

அறிவித்தல் பின்னேரமே வந்துவிட்டது.
தலைப்பு வரியை அளவுக்கு மிஞ்சி நீட்டி அனுப்பினால்
உள்ளே இருக்கிற நினைவகம் வெளியே கசியுமாம்.
கடுமை: பத்துக்கு
ஒன்பது தசம் எட்டு.

சபாநடேசன் முதலாளிக்குப் போன் எடுத்தேன்.
"ஓடுறதை ஏன் பிள்ளை நிப்பாட்டுறீர்?
நாளைக்கு முகூர்த்த நாளெல்லே."
"நாலு செக்கன்தான், ஐயா. ஒரு ஓட்டை."
"என்ன ஓட்டை?"
எப்படிச் சொல்ல.
"வேலியிலை பொட்டு."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"ஆர் பூந்தது?"
"தெரியாது."
"அப்ப அடையும்."

லொக்கைத் திறந்தேன்.
இரண்டு நிமிசத்துக்கு ஒருக்கால் ஒருவன் வந்து போகிறான்.
ஒருவனில்லை, ஒரு நிரல்.
எந்த நாட்டிலோ வாடகை இயந்திரத்தில் இருந்து
படலை படலையாகத் தட்டுகிறது.
நிர்வாகப் பக்கம் இருக்கா? இல்லை.
பழைய பிரதி ஏதும்? இல்லை.
நானூற்றி நாலு. நானூற்றி நாலு.
அதுக்கு யாழ்ப்பாணம் எங்கே என்று தெரியாது.
ஒரு பல் வைத்தியரின் நேரப் பதிவையும்
குருநகர் மீனவர் சங்கத்தின் மண்ணெண்ணெய்க் கணக்கையும்
ஒரே மரியாதையோடு தட்டுகிறது.

அமைவுக் கோப்பு, இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.
நீளத்துக்கு எல்லை வைக்காமல் விட்ட வரி.
பக்கத்தில் அனோஜின் குறிப்பு:
'தொட வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன்.'
ஒன்பது வருசமாயிற்று.
அவன் ரொறன்ரோவில் லொறி ஓட்டுகிறான், அங்கே இப்போது பகல்.
வட்சப்பில் கேட்டேன்.
'மறந்துபோச்சு அக்கா. எதுக்கும் கவனம்.'

பிரதி எடுத்தேன்.
புதிய பதிப்பை இறக்கினேன்.
அவனுடைய வரிக்கு முன்னால் ஒரு # போட்டு
ஊமையாக்கினேன்.
அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
பற்றரி கீச்சிடத் தொடங்கியது, இருபது நிமிசம் தாங்கும்.
பண்ணைப் பக்கத்துச் சோளகம் ஜன்னலை உதைத்தது.
விரலை வைத்தேன்.

நாலு செக்கன்
பதினேழு பேரும் உலகத்தில் இல்லை.

பதினாறு பேர் திரும்பி வந்தார்கள்.

குருநகர் வரவில்லை.
அங்கத்தைய பழைய செயலி
தன் முழுக் கணக்கையும் ஒரே தலைப்பு வரியில்
தலைச்சுமையாகத் தூக்கி வருவது.
அது குனியாமல் நுழையத்தான்
அனோஜ் பொட்டை அகலமாக்கி வைத்திருக்கிறான்.
காரணம் இவ்வளவுதான்.
மூன்றரைக்கு ஆட்கள் சிட்டைக்கு வருவார்கள்,
சிட்டை இல்லாமல் வள்ளம் போகாது.

அதற்கு மட்டும், அதன் உயரத்துக்கு மட்டும்,
அளந்து ஒரு வழி விட்டேன்.
ஒன்று ஐம்பத்திரண்டு.
காரணத்தைப் பக்கத்திலேயே எழுதினேன், மூன்று வரி,
என் பெயரையும் போட்டு.

ஒன்பது வருசம் திறந்திருந்த பொட்டு.
லொக் வைத்திருப்பது தொண்ணூறு நாள்.
ஒருவரும் வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.
வந்த தடம் இல்லை.
அறிக்கையில் அப்படித்தான் எழுதலாம்.

காலையில் முதலாளி எடுத்தார்.
"பிள்ளை, எல்லாம் வடிவாத்தான் கிடக்கு.
ஆனா கடைப் பேர்
கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நிக்குதே?"

பார்த்தேன்.
அது எப்போதும் அங்கேதான் நின்றது.