இரண்டாவது குப்பி

காலை நாலரைக்கு என் அறையில் லைட் எரிவதைக் கண்டு
ஐந்து மணிப் பூசைக்குப் போகிறேன் என்று
இவ்வளவு நாளும் மதித்திருந்தார் முஸம்மில் நானா.
பேஸ்போல் பார்க்கிறேன் என்றதும்
சுபஹுக்கு இறங்கியவர் படியிலேயே நின்றார்.
"அதுல விக்கெட்டு எங்க ஈக்கி?"
விக்கெட் இல்லை நானா.
ஓடி ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் ஒரு ஓட்டம்.
"அதத்தானே நாங்களும் செய்யிற"
என்றுவிட்டுப் போனார்.

பதினொரு வருடமாக,
ஒருநாளும் போகப்போகாத ஒரு ஊரின் தோல்விகளை
என் கணக்கில் எழுதி வருகிறேன்.
அங்கே ஒரு இடதுகை எறிகாரன்.
அவன் பந்து
பாணந்துறை ரயில் மாதிரி
கடைசி நேரத்தில் கடல் பக்கம் வளையும்.
போன செவ்வாய், ஏழாவது பகுதி நடக்கையில்
பெஞ்சில் சூரியகாந்தி விதை துப்பிக்கொண்டிருந்தவனை
கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார்கள்.
தொப்பியைக் கழற்றினான். எல்லாரையும் கட்டிப்பிடித்தான்.
மாற்றிவிட்டார்கள்.
பதிலுக்கு இரண்டு பொடியன்கள்,
அதோடு
"பிறகு பெயர் அறிவிக்கப்படும் ஒருவர்."

சிரிக்க வேண்டாம், அப்படி ஒரு விதி இருக்கிறது.
எனக்கும் தெரியும் அந்த விதி.
கெய்சர் வீதிக் கடையில் ஒன்பது வருடம் கணக்கெழுதிய என்னை
முதலாளி பேலியகொட ஸ்டோருக்கு மாற்றியபோது
அங்கிருந்து இங்கே வந்தது
ஒரு லொறி டிரைவரும் பழைய தராசும்.
என்னை ஒருவரும் கட்டிப்பிடிக்கவில்லை.

சரி, கஸ்பார் கதைக்கு வருகிறேன்.

எங்கள் முகத்துவாரத்துக் கஸ்பார்.
கடுகண்ணாவ ஏற்றத்தில், மழைக்குள்,
ஆசனத்தைவிட்டு எழும்பி மிதித்து வந்தவனுக்கு
நான் ஒரு போத்தல் தண்ணீர் நீட்டினேன்.
குடிக்கவில்லை, தலையில் ஊற்றிக்கொண்டான்.
அன்றைக்குக் கவலைப்பட்டேன்.
இன்றைக்கு, குடித்திருந்தால் என்னையும் விசாரித்திருப்பார்களே
என்று யோசிக்கிற ஆளாகிவிட்டேன்.

முதல் குப்பியில் மருந்து இருந்ததாம்.
இரண்டாவது குப்பியை வியாழக்கிழமை உடைக்கிறார்களாம்.
கொட்டாஞ்சேனை சலூனில்
அதற்குள் தீர்ப்பு எழுதியாயிற்று.
"அப்பவே பாத்தனான், காலா அது? தூண்!"
சொன்னவர் யார்?
அவன் வென்ற இரவு
ஜம்பட்டா வீதியை மறித்துப் பட்டாசு கொளுத்தியவர்.
காசு சேர்த்தது நான்.
மிச்சம் நானூற்றி இருபது ரூபா
இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

ஒருவரும் கேட்காவிட்டாலும் என் அபிப்பிராயம்:
எடுத்திருப்பான்.
மருந்து உடம்பில் ஏறியிருக்கும்,
ஆனால் மலையில் ஏறியது அவன்தான்.
சலூனில் இப்படிச் சொன்னபோது
நல்லாய்த்தான் இருந்தது.
கத்தரிக்கோல்கூட ஒரு கணம் நின்றது.
வீட்டுக்கு வந்து படுத்தபிறகு
இரண்டாவதாக வந்த பொடியன் ஞாபகம் வந்தான்.
வெலிமடைக்காரன்.
உருளைக்கிழங்கு லொறியில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தவன்.
அவனும் ஏறினான் அதே மலை, அதே மழை.
பதினாலு செக்கன்.
அவன் பெயரை நான் விசாரிக்கவேயில்லை.
அவனுக்கு யார் பட்டாசுக்குச் சேர்த்தது?

புதன்கிழமை காலை, களனிப் பாலம்.
பஸ் நகரவில்லை.
கண்ணாடிக்கு வெளியே
வெறும் வெள்ளை பெனியனில் கஸ்பார்,
லொறிகளின் புகைக்குள் புகுந்து புகுந்து
பாலத்து ஏற்றத்தில்
ஆசனத்தைவிட்டு எழும்பினான்.
யாரும் நேரம் எடுக்கவில்லை.
என் வாய் தன்பாட்டில் திறந்தது,
மலையில் கத்திய அதே கத்தல்
தொண்டைவரைக்கும் வந்தது.

கொண்டக்டர் தோளில் தட்டினான்.
மிச்சக் காசை
ஒன்பது வருடக் கணக்கப்பிள்ளை நான்
எண்ணாமல் வாங்கிப் பையில் போட்டேன்.