மூன்றாம் ஆள்

காரைக்குடி செக்காலை ரோட்டில்
எவர்சில்வர் கடைக்கு மேல்மாடி,
ஜபருல்லா டிராவல்ஸ்.
பாலி, நான்கு இரவு,
மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு சாப்பாடு,
எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எண்பது.

தேனப்பன் போனைத் திருப்பிக் காட்டுகிறான்.
இரண்டு வாரம் தூங்காமல் தேடியது.
விமானம் தனி, அறை தனி,
முப்பத்தோராயிரம் மிச்சம்.
'நடுவில் மூன்றாம் ஆள் எதுக்கு, உமையா?'

யோசித்தேன்.
மழை பிடித்துக்கொள்ளும்.
கடல் பார்த்த அறை என்பார்கள்,
ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர்.
பெட்டி மட்டும் வேறு ஊருக்குப் போயிருக்கும்.
அப்போது
அவன் முகத்தை நான் பார்ப்பேன்,
என் முகத்தை அவன்.
கல்யாணமாகிப் பதினோரு நாள்.
கோபத்தை எங்கே இறக்கிவைப்பதென்று
இருவருக்கும் இன்னும் தெரியாது.

திட்டுவதற்கு ஒருவர் வேண்டும்.
அதற்கு முப்பத்தோராயிரம் அதிகமில்லை.

சொல்லியேவிட்டேன். ஜபருல்லா சிரித்தார்.
'மழைக்கும் நான்தானாம்மா?'
'மழைக்கும்தான்.'

படிவம் நீட்டினார்.
இசைகுடிமானத்தில் எங்கள் பெயர் இருந்தது,
கையெழுத்து அப்பாக்களுடையது.
இதில்தான் முதல் தடவை
அவன் பெயருக்குக் கீழே
என் பெயர், என் கையால்.

தேனப்பன் மட்டும்
பேனா மூடியைத் திறக்காமல் கேட்கிறான்:
'கொஞ்சமாத்தான் திட்டுவோம் பாய்.
இருபதுக்கு முடிப்போமா?'